சாவிக்காரரின் பெட்டி: பூட்டு வேலைக் கருவிகளைச் சேர்ப்பதும் அடுக்குவதும்

மதுரையில் சாவி வேலை பழக வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, என்னென்ன வாங்க வேண்டும்?" இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஆனாலும் அதைத்தான் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஐம்பது சொச்சம் கம்பிகள் அடங்கிய பூட்டுத் திறப்புப் பெட்டி ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினேன். தோல் உறை, உள்ளே வரிசையாகப் பளபளக்கும் கம்பிகள். இன்றைக்கு அவற்றில் மூன்றைத்தான் தொடுகிறேன். உறை மட்டும் நன்றாக உழைக்கிறது. ஊசி அரங்களை அதில் போட்டு வைத்திருக்கிறேன்.

எந்தப் பூட்டு கைக்கு வருமோ அதைப் பார்த்துவிட்டுக் கருவி வாங்க வேண்டும். அதற்கான வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் பூட்டுகளை எண்ணுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வீடு, சித்தப்பா வீடு, நண்பனின் கடை என்று உரிமையோடு நுழையக்கூடிய பத்து இடங்களில் என்னென்ன பூட்டுகள் இருக்கின்றன என்று எழுதுங்கள். தெரியாதவர் வாசலில் குனிந்து பூட்டைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டாம். ஊர்க்காரர்கள் தூணில் கட்டிவைத்துவிட்டுத்தான் விசாரிப்பார்கள்.

மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடு என்றால் தலைவாசலில் மாங்காய் வடிவத்தில் கனமான மாங்காய்ப் பூட்டு தொங்கும். உள்ளே மரப் பெட்டிக்குக் குழல் சாவி, இரும்பு பீரோவுக்குத் தட்டைச் சாவி. கடைவீதியில் ஷட்டர் பூட்டுகள். அண்ணா நகர், கே.கே. நகர் அடுக்குமாடிகளில் கதவோடு பதித்த உருளைப் பூட்டுகள். இவை போக இரண்டு சக்கர வண்டிகளின் சாவி தனிக் கணக்கு. எழுதி முடித்தபின் பார்த்தால், இத்தனையும் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

ஒன்று லீவர் பூட்டு. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை பெற்றார். மாங்காய்ப் பூட்டு, பழைய பீரோ பூட்டு எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். மற்றொன்று பின் பூட்டு. உருளைக்குள் மேல் பின், கீழ்ப் பின், அவற்றை அழுத்தும் ஸ்பிரிங். சரியான சாவி நுழையும்போது பின்கள் சந்திக்கும் இடங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும், உருளை சுழலும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சிறிய தட்டைச் சாவியோடு இதை அமெரிக்காவின் லைனஸ் யேல் 1860களில் செம்மைப்படுத்தினார்.

உங்கள் நோட்டில் எந்தக் குடும்பம் அதிகமோ அதற்கான கருவிகள் முதலில். என் கடை பழைய நகருக்குள் இருப்பதால் எனக்கு லீவர் முதலில் வந்தது. புறநகரில் தொடங்குகிறவருக்கு வரிசை மாறும்.

திண்டுக்கல்லுக்கு ஒரு டிக்கெட்

கருவி வாங்க வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்துப் பூட்டு வாங்குங்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் திண்டுக்கல் சுமார் 65 கிலோமீட்டர். 1985 வரை மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இருந்த ஊர். அங்கே கையால் செய்யப்படும் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்ததால் பட்டறைகள் பெருகிவிடவில்லை. இயந்திரத்தில் அச்சடித்தாற்போல் வரும் மலிவுப் பூட்டுகளோடு மல்லுக்கட்டித்தான் பிழைக்கிறார்கள். அதனாலேயே, பழகுகிறவர் கண்ணால் பார்க்க வேண்டிய இடம் அது. ஒரு மனிதர் தகட்டையும் சாவியையும் மாற்றி மாற்றி ராவி ஒன்றுக்கொன்று பொருத்துவதைப் பத்து நிமிடம் பார்த்தால், இந்த வேலையில் அரம்தான் தலைக்கருவி என்பது புரிந்துவிடும்.

மாங்காய்ப் பூட்டு இரண்டு வாங்குங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றொன்றின் ஆணித் தலைகளை ராவி எடுத்துவிட்டு, மேல் தகட்டைக் கழற்றி, உள்ளே சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். தகடுகள் எழும்புவதையும் தாழ் நகர்வதையும் பார்த்தவனுக்குப் பல்லை எங்கே எவ்வளவு ராவ வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரியும். அந்தத் திறந்த பூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். என் மேசையில் அது இன்னும் இருக்கிறது. "சாவி செய்ய ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் பேசாமல் அதை நீட்டிவிடுவேன்.

பழைய பூட்டுகள்மேல் ஆசை உள்ளவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நாள் சுற்றலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பூட்டும் சாவியும் அங்கே கிடைக்கும். தொழிலுக்கு அவை உதவும் என்று சொல்ல மாட்டேன்; பணம் கரைய உதவும்.

வைஸும் அரங்களும்

பழைய நகரின் இரும்புச் சாமான் கடைகளில் வைஸ், அதாவது மேசையில் பொருத்தும் பிடிகருவி, வாங்குங்கள். வாய் 4 அங்குலம் போதும். வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். இரண்டு தாடையும் ஒட்டும்போது நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். நீங்கள் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எந்த உயரத்தில் வருகிறதோ, அந்த உயரத்தில் வைஸின் வாய் இருக்க வேண்டும். தாழ்வாக வைத்தால் மாலையில் இடுப்பு சொல்லும். தாடைக்குள் அலுமினியத் தகட்டையோ பழைய சைக்கிள் டியூப் துண்டையோ மடித்து வையுங்கள். வாடிக்கையாளரின் சாவியில் பல் பதிந்த தழும்போடு திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை.

அரங்களைத் தொகுப்பாக வாங்க வேண்டாம். 6 அங்குலத் தட்டை ஒன்று, முக்கோணம் ஒன்று, எலிவால் எனப்படும் மெல்லிய உருண்டை அரம் ஒன்று, இவை போகக் குறுகிய வெட்டுகளுக்குள் நுழையும் மெல்லிய தகட்டு அரம் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் லீவர் சாவிக்கு உயிர். பெரிய கடைகளில்கூட "அது எதற்கு?" என்பார்கள். இரண்டாக வாங்கிவிடுங்கள். இவற்றோடு ஊசி அரங்கள் ஒரு சிறு கட்டு.

பிடி இல்லாத அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். வால் முனை உள்ளங்கையில் ஏறிய தழும்பு என் வலக்கையில் இருக்கிறது. ஒரு ரூபாய் மரப்பிடிக்குச் சோம்பல்பட்டதற்கு மூன்று நாள் கடை அடைப்பு.

புது அரத்தை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்துங்கள். பித்தளை கேட்பது கூர்மையான பல். இரும்பில் ஓடித் தேய்ந்த அரம் பித்தளைமேல் வழுக்கிக்கொண்டே போகும். பித்தளையில் பிடிப்புக் குறைந்தபின் அதே அரத்தை இரும்புக்கு இறக்கலாம். தலைகீழாகச் செய்ய முடியாது. குழப்பம் வராமல் இருக்க, பித்தளை அரங்களின் பிடியில் மஞ்சள் பெயிண்டும் இரும்பு அரங்களில் கறுப்பும் அடித்து வைத்திருக்கிறேன். மஞ்சள் பழசானால் அதன்மேல் கறுப்பு அடித்துவிடுவேன். பதவி இறக்கம்.

அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது லேசாகத் தூக்கிவிடுங்கள். அழுத்தி இழுத்தால் பல் மழுங்கும். ராவுவதற்கு முன் சாக்பீஸை அரத்தின்மேல் தேய்த்தால் பித்தளைத் துகள் பற்களில் அப்பாது. அப்பியதைக் கம்பிப் பிரஷால் பல்லின் சாய்வை ஒட்டித் தள்ளுங்கள். எண்ணெய் ஆகாது.

இப்போது மாங்காய்ப் பூட்டின் சாவிக்கு ஒரு நகல் செய்து பாருங்கள். மூலச் சாவியை அகல் விளக்கின் புகையில் காட்டிக் கரி பிடிக்க விடுங்கள். பல் வெட்டாத புதுச் சாவியை அதோடு சேர்த்து, பிடியை ஒட்டிய தோளும் விளிம்பும் சரியாக ஒட்டும்படி வைஸில் இறுக்குங்கள். மூலத்தின் பள்ளம் இருக்கும் இடத்தில் வெட்டாத சாவியை மட்டும் ராவிக்கொண்டே போங்கள். மூலத்தின் கரியில் நூல் கனத்துக்கு ஒரு பளபளப்பு தெரிந்த நொடியில் கையை நிறுத்துங்கள். அதற்குமேல் ஒரு இழுப்பு போனாலும் இரண்டு சாவியும் கெட்டது. முதல் ஐந்து சாவிகள் கெடும். கெட்டவற்றைக் கம்பியில் கோத்து மாட்டி வையுங்கள். எந்தப் பல்லில் கை தடுமாறுகிறது என்று அவையே காட்டும். எனக்கு எப்போதும் கடைசிப் பல்தான்; முடிந்துவிட்டது என்ற அவசரம்.

அஞ்சறைப் பெட்டி

பின் பூட்டுக்கு வருவோம். இங்கே பலம் தேவையில்லை. பொருள் தொலையாமல் இருந்தால் போதும். நுனி வளைந்த சாமணம் ஒன்று, நல்ல எஃகில் செய்த சிறிய திருப்புளிகள், 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர் காலிபர் ஒன்று, வெள்ளைத் துண்டு ஒன்று. இவற்றோடு உருளையின் பருமனுக்கு ஏற்ற ஒரு குச்சி. உருளையை வெளியே தள்ளும்போது, இடைவெளி விடாமல் அதன் பின்னாலேயே இந்தக் குச்சி நுழைந்து இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும். விரல் நகம் அளவுக்கு இடைவெளி விழுந்தாலும் மேல் பின்களும் ஸ்பிரிங்குகளும் துள்ளி வெளியே வந்துவிடும். அரை அங்குலத்தை ஒட்டிய வழவழப்பான மரக்குச்சியை உப்புத்தாளில் தேய்த்து நீங்களே செய்துகொள்ளலாம். கடையில் வாங்குவதைவிட அதுவே பொருத்தமாக அமையும்.

துள்ளிய ஸ்பிரிங்கைக் காந்தத்தால் தேடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். பின் பித்தளை, ஸ்பிரிங் பெரும்பாலும் வெண்கல வகை. காந்தம் அவற்றைத் திரும்பியும் பார்க்காது. வெள்ளைத் துண்டை மேசையில் விரித்து, ஓரங்களைச் சுருட்டி வரப்புபோல் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சித்திரை மாதத்தில் இது தண்டனைதான்.

கழற்றிய பின்களை எதில் போடுவது? ஆரம்பத்தில் இட்லித் தட்டில் போட்டேன். குழி அழகாக இருக்கிறது, ஆனால் ஆவி வரும் ஓட்டையில் ஸ்பிரிங் இறங்கிவிட்டது. என் அப்பத்தா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, அஞ்சறைப் பெட்டி எதற்கு இருக்கிறது?" என்று கேட்டார். வட்டமான எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியில் நடுவே ஒரு கிண்ணம், சுற்றி ஆறு. கதவு உருளையில் பின்கள் நிற்கும் அறைகள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. ஒரு கிண்ணத்தின் வெளியே சிவப்புப் புள்ளி வைத்து அதை முதல் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியின் தோள் பக்கம் இருப்பது முதல் அறை. அங்கிருந்து கடிகார முள் சுற்றும் வழியில் இரண்டு, மூன்று. அந்தந்த அறையின் மேல் பின், கீழ்ப் பின், ஸ்பிரிங் மூன்றும் அந்தந்தக் கிண்ணத்தில். நடுக்கிண்ணத்தில் ஸ்குருவும் பூட்டுவளையமும். யாராவது கூப்பிட்டால் மூடியைப் போட்டுவிட்டுப் போகலாம். வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். இன்னும் ஒரு பெட்டி வாங்கி, மிச்சம் மீதிப் பின்களை நீளவாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டேன். சீரகம் வாசம் மட்டும் இரண்டு மாதம் போகவில்லை.

பூட்டுத் திறப்புக் கம்பிகளைப் பற்றிக் கேட்பீர்கள். நுனி சற்று வளைந்தது இரண்டு, அழுத்தம் கொடுக்கும் வளைந்த பட்டை இரண்டு. ஓர் ஆண்டுக்கு வேறு வேண்டாம். சொந்தமாக வாங்கிய பூட்டில் மட்டும் பழகுங்கள். கதவில் மாட்டிப் புழக்கத்தில் இருக்கும் பூட்டில் பழகினால், சிக்கிக்கொண்ட அன்று வீட்டுக்கு வெளியே நிற்பது நீங்களாக இருக்கும்.

இயந்திரம் எப்போது?

சாவி வெட்டும் இயந்திரத்துக்கு அவசரம் வேண்டாம். வாரத்துக்கு எத்தனை தட்டைச் சாவிகள் கேட்டு வருகிறார்கள் என்று மூன்று மாதம் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழைய இயந்திரம் வாங்கினால் கத்திச் சக்கரத்தில் சில்லு விழுந்திருக்கிறதா, சாவி பிடிக்கும் தாடை ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே மாதிரியான இரண்டு வெட்டாத சாவிகளை இரண்டு தாடையிலும் பூட்டுங்கள். வழிகாட்டும் முனை ஒன்றைத் தொடும்போது கத்தி மற்றொன்றைப் பட்டும் படாமல் உரச வேண்டும். பள்ளம் விழுந்தாலும் இடைவெளி நின்றாலும் திருகைத் திருத்த வேண்டும். இந்தச் சோதனையை வாரம் ஒரு முறை செய்கிறேன்.

கண்ணாடி அணியாமல் இயந்திரத்தைப் போடாதீர்கள். கையுறை அணிந்து சுழலும் கத்திக்குப் பக்கத்தில் போகாதீர்கள். துணியைக் கத்தி இழுத்தால் விரலும் கூடவே போகும். நகலைப் பார்த்து நகல் வெட்டுவதும் கூடாது. ஒவ்வொரு தலைமுறையிலும் மயிரிழை பிசகு சேர்ந்து, நான்காவது சாவி எந்தக் கதவையும் திறக்காது. "முதலில் வந்த சாவி வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டு, எடுத்து வரச் சொல்லுங்கள்.

வெட்டாத சாவிகள் பெருகியபின் பெட்டியில் குவித்து வைத்தால் தேடியே பொழுது போகும். பலகையில் ஆணி அடித்து, சாவியின் பக்கவாட்டுப் பள்ளத்தின் அமைப்பை வைத்துப் பிரித்து மாட்டுங்கள். கம்பெனிப் பெயரை வைத்துப் பிரித்தால், பெயர் அழிந்த சாவி வரும்போது திணறுவீர்கள். ஒவ்வொரு ஆணிக்கும் எண். முதல் சாவியை மட்டும் நூலால் கட்டிவிடுங்கள். அது விற்பனைக்கு அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க. ஆணியில் மூன்றுக்குக் கீழே இறங்கினால் அடுத்த கொள்முதல் சீட்டில் எண்ணை எழுதிவிடுவேன்.

மேசை வேறு, பை வேறு

கடையில் இருப்பதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளி வேலைக்குப் போகும் பழக்கம் எனக்கு நீண்ட நாள் இருந்தது. ஒருமுறை திருப்பரங்குன்றத்தில் ஒரு வீட்டு வாசலில், மாலை இருட்டிய பிறகு, குழந்தையோடு நிற்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கப் பையைக் கவிழ்த்துத் திருப்புளியைத் தேடினேன். அது மேசையிலேயே இருந்தது. அன்றிலிருந்து அதிகம் பயன்படும் கருவிகளில் இரண்டு இரண்டு வைத்திருக்கிறேன். பைக்குள் போனது மேசைக்கு வராது.

பைக்குத் தகரப் பெட்டியைவிடச் சுருட்டும் துணி நல்லது. தடித்த துணியில் கருவிக்கு ஒரு அறை வீதம் தைத்துத் தருவார்கள். மீனாட்சி அம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த தையற்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டார்கள். கருவிகளையும் கையோடு எடுத்துப் போய் அளவு கொடுங்கள். ஒவ்வொரு அறையின் வாயிலும் அந்தக் கருவியின் உருவத்தைச் சிவப்பு நூலில் கோடாகத் தைக்கச் சொன்னேன். தையற்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் தைத்துக் கொடுத்தார். வேலை முடிந்து சுருட்டும்போது காலியான அறை தானே கண்ணில் படும். அரங்களை ஒன்றோடொன்று உரசவிடக் கூடாது என்பதும் இதில் தீர்ந்துவிடுகிறது.

தலையில் மாட்டும் விளக்கையும் மறக்காதீர்கள். பூட்டுச் சிக்கல் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வருகிறது.

நோட்டு

பையில் நான் முதலில் வைப்பது கெட்டி அட்டை போட்ட நோட்டு. தேதி, இடம், பூட்டின் வகை, அழைத்தவரின் பெயர், காட்டிய அடையாள அட்டை, கையெழுத்து. திறப்பதற்கு முன் எழுத வேண்டும். திறந்தபின் யாருக்கும் பொறுமை இருக்காது. அடையாள அட்டை வீட்டுக்குள்ளே இருக்கிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரரோ காவலாளியோ வந்து சொல்லட்டும். வாடகைக்காரர் ஊரில் இல்லாதபோது வீட்டுக்காரர் பூட்டை மாற்றச் சொன்னால், காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். சோப்புக் கட்டியில் பதித்த சாவி அச்சை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ன கதை சொன்னாலும் செய்யாதீர்கள். சாவி கையில் இருந்தவனுக்குச் சாவியையே எடுத்து வர என்ன தடை?

துரு, தூசி, தேங்காய் எண்ணெய்

இந்த ஊரில் எட்டு மாதம் தூசி, ஐப்பசி கார்த்திகையில் ஈரம். பூட்டு இறுகினால் நம் ஆட்கள் கை நீட்டி எடுப்பது தேங்காய் எண்ணெய். முதல் வாரம் வெண்ணெயாகத் திரும்பும். ஆறு மாதத்தில் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். அப்படி வரும் பூட்டை மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, பின் பூட்டு என்றால் கிராஃபைட் தூள், லீவர் பூட்டு என்றால் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கறுப்புக் களிம்புதான் மிஞ்சும்.

கருவிகளுக்கும் அதே மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும், அரங்களைத் தவிர. அரங்களுக்குச் சாக்பீஸ் தூளே காப்பு. மழைக்காலத்தில் பெட்டிக்குள் சூடம் இரண்டு வில்லை போடுவது பழைய ஆட்களின் வழக்கம், நானும் போடுகிறேன். வியர்த்த கையோடு கருவியைத் திருப்பி வைக்காமல் இருப்பது அதைவிடப் பலன் தருகிறது.

இரவல் கேட்டு வருவார்கள். பக்கத்து மெக்கானிக், எதிர்க்கடைக்காரர், மாமன் மகன். இல்லை என்று சொல்ல முடியாத உறவுகள். பலகையில் கருவி மாட்டும் இடத்தில் சாக்பீஸால் வாங்கியவர் பெயரையும் தேதியையும் அவர் கண் முன்னாலேயே எழுதிவிடுங்கள். என் பலகையில் 8 அங்குல அரைவட்ட அரத்தின் இடத்தில் ஒரு பெயர் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. அவர் தினமும் காலையில் அதற்குக் கீழே நின்றுதான் டீ குடிக்கிறார்.